கிரவுன் பினியனைக் கழற்றும் முன்

கேள்வி: ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் என் பிக்கப் வண்டியில், கிளட்சை விட்டு நகரும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் அடியில் ‘டொக்’ என்று சத்தம் வருகிறது. வேகம் 50 கிலோமீட்டரைத் தாண்டினால் பின்புறம் ஊளையிடுவது போன்ற இரைச்சலும் கேட்கிறது. பின் அச்சுக்குள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் பற்சக்கரங்களான கிரவுன், பினியன் இரண்டையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றித்தான் ஆக வேண்டுமா?

— வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அவசரப்பட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பவை இரண்டு சத்தங்கள். இரண்டுக்கும் ஒரே காரணம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

‘டொக்’ சத்தத்திற்கு முதலில், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸை, அதாவது அதன் சிலுவை வடிவ இணைப்பை, சந்தேகிக்க வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு, ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்தும் இருபுறம் திருகியும் பாருங்கள். கிராஸில் ஆட்டம் தெரிந்தாலோ, அதன் கப்பின் ஓரத்தில் துருத்தூள் படிந்திருந்தாலோ, உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். உங்கள் வண்டியின் ஷாஃப்ட் இரு துண்டாக இருந்தால், சென்டர் பேரிங்கைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஷாஃப்ட்டைக் கழற்றுவதற்கு முன் இணைப்புகளில் அடையாளக் கோடு போடச் சொல்லுங்கள். இடம் மாற்றிப் பூட்டினால் புதிதாக அதிர்வு தொடங்கிவிடும்.

இரைச்சலுக்கு வண்டியை ஓட்டித்தான் பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் அதன் தொனி தெளிவாக மாறினால், கிரவுன் பினியனையோ பினியன் பேரிங்கையோ சந்தேகிக்கலாம். அப்படி மாறாமல், வளைவுகளில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் கூடிக் குறைந்தால், வீல் பேரிங்கைப் பாருங்கள். சாலையின் தளம் மாறும்போது சத்தமும் மாறினால் அது டயரின் ஓசை.

அதன் பிறகு, கிரவுன் பினியன் இருக்கும் டிஃபரென்ஷியலின் ஆயிலை வடித்துப் பாருங்கள். வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் மெல்லிய பசைபோல இரும்புத்தூள் ஒட்டியிருப்பது இயல்புதான். பல்லின் சில்லுகள் கிடந்தால் மெக்கானிக் சொன்னது சரி. ஆயில் குறைந்திருந்தால், ஹவுசிங்கின் மேலுள்ள காற்றுத் துளையான பிரீதர் சேற்றால் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி, சீல் வழியாக ஆயில் கசிந்துவிடும். பினியன் நட்டை இறுக்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். பேரிங்கின் முன்சுமை (பொருத்தும்போதே கொடுக்கும் அளவான இறுக்கம்) கெட்டு, நன்றாக இருப்பதும் சூடேறிப் பழுதாகும்.

மாற்றியே தீர வேண்டும் என்று உறுதியானால், கிரவுனும் பினியனும் ஜோடியாகவே அரைத்துப் பொருத்தப்பட்டவை என்பதால் இரண்டையும் ஒரே செட்டாக, பேரிங்குகளோடு சேர்த்து வாங்குங்கள். பற்களின் இடைவெளியை டயல் கேஜில் அளந்து, பற்களில் மை தடவி அவை ஒன்றையொன்று தொடும் தடத்தைப் பார்த்து அமைக்கத் தெரிந்த பட்டறையிலேயே வேலையைக் கொடுங்கள்.