பழைய கார்ட்டூன் பாட்டை ஹாலோவீனுக்கு எலக்ட்ரோ ஸ்விங்காக (பழைய ஸ்விங் ஜாஸோடு இன்றைய எலக்ட்ரானிக் நடனத் தாளத்தைச் சேர்ப்பது) ரீமிக்ஸ் செய்ய, எதில் தொடங்கலாம்?

1932இல் ஃப்ளைஷர் ஸ்டூடியோ எடுத்த ‘மின்னி த மூச்சர்’ என்பேன். வீட்டில் கோபித்துக்கொண்டு ஓடிவரும் கார்ட்டூன் நாயகி பெட்டி பூப் ஒரு குகைக்குள் நுழைகிறாள். அங்கே வால்ரஸ் உருவத்தில் ஒரு பேய் பாடி ஆடுகிறது. குரல் ஜாஸ் பாடகர் கேப் காலோவேயுடையது. ஆட்டமும் அவருடையதுதான், அவர் ஆடியதைப் படமெடுத்து, அதன் மேலேயே வரைந்திருக்கிறார்கள். எலும்புக்கூடுகள் குடிக்கின்றன, பேய்கள் மின்சார நாற்காலியில் உட்காருகின்றன. பயமுறுத்தும் வேலையைப் பாட்டே செய்துவிடுகிறது. அதனால் தயவுசெய்து இடிச் சத்தம், அலறல் எதையும் மேலே கொட்டாதீர்கள்.

உங்கள் உழைப்பு முழுக்கத் தாளத்தில் போகட்டும். ஸ்விங்கில் ஓர் அடி இரண்டு சமபாதியாகப் பிரியாது. முதல் பாதி நீளம், அடுத்தது குட்டை. தகிட சொல்லும்போது ‘த’விலும் ‘ட’விலும் மட்டும் தட்டிப் பாருங்கள், பிடிபட்டுவிடும். சாஃப்ட்வேர் தானாகப் போடும் ஹை-ஹாட்டோ (ட்ரம்ஸில் ‘சிக் சிக்’ என்னும் ஜோடித் தாளத்தட்டு) சமமாக ஓடும். அதைப் பழைய பாண்டின் மேல் வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஏபிள்டன் என்ற இசை சாஃப்ட்வேரில் அந்த ஆடியோவிலிருந்தே க்ரூவை, அதாவது அடிகள் விழும் நெளிவை, எடுத்து ஹை-ஹாட்டுக்குக் கொடுங்கள். கிக் (ட்ரம்ஸின் ‘தும்’ சத்தம்) அடிமேல் அடியாக நேராகவே விழட்டும், அது இடிக்காது.

அந்தக் காலப் பதிவில் பேஸ் பெரிதாக இருக்காது. அடியில் கேட்கும் உறுமலை வெட்டிவிட்டு, கிக்கையும் பேஸையும் புதிதாகப் போடுங்கள். இரைச்சலை மட்டும் முழுக்கத் துடைக்க வேண்டாம். அதோடு ட்ரம்பெட்டின் கூர்மையும் போய்விடும்.

அப்புறம் அந்த ‘ஹை டி ஹை டி ஹை’. காலோவே கூப்பிடுவார், பாண்ட் பதில் பாடும். கூப்பிடும்போது ட்ரம்ஸை நிறுத்தி அவர் குரலைத் தனியாக விடுங்கள். பதில் வரும் இடத்தில் கிக் இறங்கட்டும். இந்தப் பாட்டில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். ஆடுகிறவர்களும் கூடவே கத்துவார்கள்.

குரலே இல்லாமல் பழக வேண்டுமென்றால் டிஸ்னியின் ‘த ஸ்கெலிட்டன் டான்ஸ்’ (1929). ஓர் எலும்புக்கூடு இன்னொன்றின் முதுகெலும்பை சைலஃபோனாக வாசிக்கும் இடம் லூப் போட்டுத் திரும்பத் திரும்ப ஓடவிடுவதற்கென்றே செய்தது போலிருக்கும். நொடிக்கு 24 ஃப்ரேம், 12 ஃப்ரேமுக்கு ஓர் அடி என்று வைத்தால் நிமிடத்துக்கு 120. எலக்ட்ரோ ஸ்விங்குக்குத் தோதான வேகம்.

வெளியிடுவதாக இருந்தால் ஒன்று: எலும்புக்கூட்டுப் படம் அமெரிக்காவில் 2025 ஜனவரி 1 முதல் காப்புரிமை முடிந்து பொதுவுடைமை. ‘மின்னி’ 1931இல் வந்த பாட்டு, அதன் காப்புரிமை அங்கே 2026 முடியும்வரை உண்டு. இசைத்தட்டுப் பதிவுக்கான உரிமை தனி, அது இன்னும் நீளும்.