வேகத்தைக் குறைத்தால் மின்கட்டணம் பாதியாகுமா?

கேள்வி: எங்கள் சாய ஆலையில் தரைத்தொட்டியிலிருந்து 22 மீட்டர் உயரத்திலுள்ள மேல்நிலைத் தொட்டிக்கு ஒரு மையவிலக்கு பம்பு இரவு பகலாக நீரேற்றுகிறது. தேவைக்கு மேல் தண்ணீர் வருவதால் டெலிவரி வால்வைப் பாதி மூடியே ஓட்டுகிறோம். வால்வுக்கு முன்னுள்ள அழுத்த கேஜ் 4 கிலோவும், பின்னுள்ளது 3 கிலோவும் காட்டுகின்றன. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. கருவியைப் பொருத்தினால் மின்செலவு பாதியாகும் என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?
- வாசகர், பெருந்துறை

பதில்: பாதியாகாது. பம்பு உண்டாக்கும் 4 கிலோ அழுத்தத்தில் 1 கிலோ வால்வைத் தாண்டும்போதே வீணாகிறது. இப்போது வரும் நீரே உங்களுக்குப் போதுமென்றால், மீட்கக்கூடியது ஏறத்தாழ அந்தக் கால் பங்குதான். அதிலும் சில சதவீதத்தை வி.எஃப்.டி.யே எடுத்துக்கொள்ளும்.

விற்பனையாளர் சொல்வது முழுப் பொய்யும் அன்று. மையவிலக்கு பம்பில் நீரின் அளவு வேகத்துக்கு நேர்விகிதத்திலும், அழுத்தம் வேகத்தின் இருமடியிலும், மின்திறன் மும்மடியிலும் மாறுவதால், வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்திறன் 51 சதவீதமாகும் என்பது கணக்கு. ஆனால் குழாயின் உராய்வை மட்டுமே பம்பு வெல்ல வேண்டிய, நீர் மூடிய வட்டமாகச் சுற்றிவரும் அமைப்புகளுக்கே அது அப்படியே பொருந்தும். மோட்டாரின் வேகம் குறைந்தது என்பதற்காக உங்கள் தொட்டி கீழிறங்கி வரப்போவதில்லை. வால்வை முழுக்க மூடிய நிலையில் 48 மீட்டர் உயரத்துக்கு நீரைத் தூக்கும் அழுத்தம் தரும் பம்பு, 65 சதவீத வேகத்தில் 20 மீட்டர்தான் தரும். அப்போது நீர் தொட்டிக்கு ஏறாமல் பம்புக்குள்ளேயே சுழன்று சூடேறும், மின்மீட்டரோ ஓடிக்கொண்டிருக்கும்.

நீரின் தேவை ஷிப்டுக்கு ஷிப்டு மாறும் ஆலைக்கு வி.எஃப்.டி. ஏற்றது. உங்களைப் போல் ஒரே சீராக ஓட்டுபவர்களுக்கு, பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் விட்டத்தை லேத்தில் கடைந்து குறைப்பதே மலிவான வழி என்பது என் கருத்து. வடிவமைத்தவர் கொஞ்சம், ஒப்பந்தக்காரர் கொஞ்சம், கடைக்காரர் அடுத்த சைஸ் என்று ஆளுக்கொரு பங்கு கூட்டி வாங்கப்படும் பம்புகளே நம் ஆலைகளில் மிகுதி. கடைந்தெடுப்பது பெரும்பாலும் அந்த உபரியைத்தான்.

எவ்வளவு கடையலாம் என்பதைப் பம்புத் தயாரிப்பாளரின் வரைபடத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். அளவுக்கு மீறினால் பம்பின் திறனே சரிந்துவிடும். கணக்கில் வருவதைவிடச் சற்றுக் குறைவாகக் கடைந்து, வால்வை முழுதும் திறந்து ஓட்டி, கேஜையும் மோட்டார் இழுக்கும் கிலோவாட்டையும் பார்த்த பிறகு மறுமுறை கடையலாம். கடைந்ததை ஒட்ட முடியாது என்பதால், இருக்கும் இம்பெல்லரில் கைவைக்காமல் புதிதாக ஒன்று வாங்கி அதைக் கடையுங்கள்.