சிட்னி துறைமுகத்தில் மறைந்த சிவப்புப் பாசி: வாசகர் கேள்வி – பதில்

உலகிலேயே முற்றிலும் அழிந்துவிட்டதாகப் பட்டியலில் ஏறிய கடற்பாசி ஒன்று உண்டு என்று சென்ற இதழில் ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். அது எது? கடலுக்கு அடியில் இருக்கும் ஒன்று இனி இல்லவே இல்லை என்று எப்படிச் சொல்ல முடிகிறது?
– கல்லூரி மாணவி, தூத்துக்குடி

அதன் பெயர் வான்வூர்ஸ்டியா பென்னெட்டியானா. ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகத்தில் மட்டுமே கிடைத்த சிவப்புப் பாசி. கிளைகளின் நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் உடல் முழுவதும் மெல்லிய வலையாகத் தெரியும். அயர்லாந்துக்காரரான பாசியியல் அறிஞர் வில்லியம் ஹார்வி 1855-ல் ஸ்பெக்டகிள் தீவருகே இதை முதன்முதலில் சேகரித்தார். சிட்னியில் வாழ்ந்த மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான ஜார்ஜ் பென்னெட்டின் பெயரை இதற்குச் சூட்டினார். பிறகு 1886-ல், அதே துறைமுகத்தின் கிழக்குப் பக்கம், பாயின்ட் பைப்பருக்கும் ஷார்க் தீவுக்கும் இடைப்பட்ட நீரில் கிடைத்தது. அதோடு சரி. இந்த இரண்டு இடங்களைத் தவிர வேறெங்கும் எவர் கையிலும் அது அகப்படவில்லை.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2003-ல் தன் சிவப்புப் பட்டியலில் இதை ‘அழிந்தது’ என்று சேர்த்தது. மதிப்பீட்டை எழுதியவர் சிட்னி அரச தாவரவியல் பூங்காவின் பாசி வல்லுநர் ஆலன் மில்லர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மீன்வளச் சட்டமோ ‘அழிந்ததாகக் கருதப்படுகிறது’ என்று ஒரு படி தள்ளி நின்று சொல்கிறது.

‘அழிந்தது’ என்று எழுத, கடைசி உயிரும் மடிந்துவிட்டது என்பதில் நியாயமான சந்தேகம் எதுவும் மிஞ்சக் கூடாது. அதற்கு மூன்று வகையில் தேடியிருக்க வேண்டும்: முன்பு கிடைத்த எல்லா இடங்களிலும், அதே வகைப் பாறையும் ஆழமும் உள்ள புது இடங்களிலும், அந்தப் பாசி தழைக்கக்கூடிய எல்லாப் பருவங்களிலும். மூன்றாவதில்தான் பெரும்பாலான தேடல்கள் சறுக்குகின்றன. ஆண்டில் சில மாதங்கள் மட்டும் கண்ணுக்குத் தெரியும் அளவு வளர்ந்து, மற்ற நாட்களில் பாறையில் ஒட்டிய பொட்டாகக் கிடக்கும் பாசிகள் பல. தவறான மாதத்தில் நூறு முறை மூழ்கினாலும் அந்தத் தேடல் கணக்கில் சேராது. சிட்னி துறைமுகம் மட்டும் விதிவிலக்கு. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பாசி சேகரிப்பவர்கள் இறங்கிக்கொண்டே இருந்த நீர் அது. அதனால்தான் அந்தச் சொல்லைத் துணிந்து எழுத முடிந்தது.

அழித்தது எது? கப்பலா, சாக்கடையா?
– வாசகர், சென்னை

ஒரே குற்றவாளியைக் கைகாட்ட முடியாது. 1855-க்கும் 1886-க்கும் இடையில் சிட்னி நகரம் பெருகியது. கழிவுநீர் நேரே துறைமுகத்துக்குள் விழுந்தது. 1889-ல் போண்டை கடற்கரைக்குப் பெரிய குழாய் வெட்டிய பிறகுதான் அதில் ஒரு பங்கு வெளிக்கடலுக்குத் திரும்பியது. கரையோரம் மண் கொட்டி மேடாக்கினார்கள், கால்வாய்களைத் தோண்டினார்கள், காடு வெட்டிய நிலத்திலிருந்து மழைதோறும் வண்டல் இறங்கியது.

இந்தக் குடும்பத்துப் பாசிகளின் இலை மிக மெல்லியது. பல இனங்களில் பெரும்பகுதி ஒரே செல் தடிமன்தான். மேலே வண்டல் படிந்தால் ஒளி மறையும். அதைவிடக் கேடு, வித்து வந்து ஒட்ட வேண்டிய பாறை மேல் வண்டல் படிவது. வித்துக்குச் சுத்தமான கல் வேண்டும். சேற்றின் மேல் விழுந்தால் அடுத்த அலையோடு போய்விடும். வளர்ந்த பாசி சில காலம் தாக்குப்பிடிக்கும், குஞ்சு, அதாவது இளம்பாசி, தாக்குப்பிடிக்காது. இன்னும் நிற்கிறதே என்று பார்ப்பவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த இனம் முடிந்துபோயிருக்கும்.

சிவப்புப் பாசிகளுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அவற்றின் ஆண் அணுக்களுக்கு நீந்தும் வால் கிடையாது. நீரோட்டம் கொண்டுபோய்ப் பெண் செடியின் மேல் சேர்த்தால்தான் கரு. செடிகள் தூரத்துக்கு ஒன்றாகச் சிதறிவிட்டால், செடி இருந்தும் வித்து அரிதாகிவிடும்.

இந்தப் பேரினம் நம் கடலில் உண்டா?
– ஆசிரியர், யாழ்ப்பாணம்

உண்டு, தொடக்கமே இங்குதான். வான்வூர்ஸ்டியா என்ற பேரினத்தை (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியை) ஹார்வி 1854-ல் இலங்கைக் கரையிலிருந்து எடுத்த மாதிரியை வைத்துத்தான் உருவாக்கினார். ஆஸ்திரேலியா போகும் வழியில் இலங்கையில் இறங்கிச் சேகரித்தவர் அவர். அழிந்தது சிட்னி இனம் மட்டும்.

சிவப்புப் பட்டியலில் வரும் ‘மிக அருகிய இனம்’, ‘அருகிய இனம்’ என்பதற்கு எண்ணிக்கை ஏதும் உண்டா? பாசியைப் புலி மாதிரி எண்ண முடியாதே!
– வாசகர், மதுரை

எண்ணிக்கை உண்டு. ஆனால் நீங்கள் சொல்வது போல, பாசிக்குத் தலை எண்ணும் வழி பெரும்பாலும் உதவாது. முதிர்ந்த உயிர்கள் 50-க்குக் கீழே இருந்தால் மிக அருகியது, 250-க்குக் கீழே அருகியது, 1,000-க்குக் கீழே அழிவாய்ப்பு உள்ளது என்பது ஒரு விதி. ஒரே வேரடிப் பிடிப்பிலிருந்து இருபது கிளை எழும் பாசியில் எதை ஒன்று என்பது? எனவே பாசிகளுக்குப் பரப்பை வைத்து அளப்பதே வழக்கம்.

வரைபடத்தின் மேல் 2 கி.மீ. × 2 கி.மீ. கட்டங்கள் போடுவார்கள். பாசி கிடைத்த கட்டங்களை மட்டும் கூட்டுவார்கள். ஒரு கட்டம் 4 சதுர கி.மீ. மொத்தம் 10 சதுர கி.மீ.க்குக் குறைவு என்றால், அதாவது இரண்டு கட்டத்துக்கு மேல் இல்லையென்றால், ‘மிக அருகியது’ என்ற வாசலுக்கு வந்துவிடும். 500-க்குக் கீழே ‘அருகியது’. 2,000-க்குக் கீழே ‘அழிவாய்ப்பு உள்ளது’. ஆனால் பரப்பு சிறியது என்பது மட்டும் போதாது. ஒரே இடத்தில் இருத்தல் அல்லது துண்டு துண்டாகச் சிதறியிருத்தல், தொடர்ந்து குறைந்துவருதல், எண்ணிக்கை கடுமையாக ஏறி இறங்குதல் ஆகியவற்றில் இரண்டையாவது காட்ட வேண்டும்.

இங்கேதான் பாசிகள் மாட்டிக்கொள்கின்றன. ‘குறைந்துவருகிறது’ என்று காட்ட, முன்பு எவ்வளவு இருந்தது என்று யாராவது எழுதிவைத்திருக்க வேண்டும். அந்தப் பழைய கணக்கு இல்லாத இனங்கள் ‘போதிய தரவு இல்லை’ என்ற பெட்டிக்குள் விழுகின்றன. இன்னும் பெரும்பான்மை இனங்களை மதிப்பிடவே இல்லை. இந்தப் பெட்டியைப் பார்த்து ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்வது பெரும் பிழை. திட்ட அறிக்கைகளில் இந்தப் பிழை அடிக்கடி வருகிறது, படிக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

வேறு எந்தக் கடற்பாசியும் இந்த நிலையில் இல்லையா?
– வாசகி, புதுச்சேரி

கலாபகஸ் தீவுகளின் கணக்கு கவலை தருவது. 2007-ல் அங்குள்ள 74 பாசி இனங்கள் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் 10 மிக அருகியவை. அந்தப் பத்திலும் 6 அநேகமாக அழிந்திருக்கலாம் என்ற குறிப்போடு வந்தன. எல் நினோ ஆண்டுகளில் குளிர்நீர் சூடாவது முதல் அடி. மிகைமீன்பிடிப்பு இரண்டாவது: கடல்முள்ளெலிகளைத் தின்னும் மீன்கள் குறைய, முள்ளெலிகள் பெருகிப் பாசியை மேய்ந்துவிட்டன. ஆஸ்திரேலியாவில் காஃப்ஸ் ஹார்பர் பகுதியின் நெரியா லோஃபோக்ளாடியா என்ற பழுப்புப் பாசியும் மாநிலச் சட்டத்தில் மிக அருகியதாக உள்ளது.

அழிந்த பாசியை மறுபடி வளர்க்க வழி உண்டா? சிட்னியில் பாசி நடுகிறார்கள் என்று படித்தேன்.
– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

நடுவது வேறு இனம். கிரேவீட் எனப்படும் ஃபில்லோஸ்போரா கோமோசா, பெரிய பழுப்புப் பாசி. 1980-களில் சிட்னியின் ஏறத்தாழ 70 கி.மீ. கடற்கரையில் அது அடியோடு காணாமல் போனது. கண்முன் அலையடிக்கும் பாறையில், ஆள் உயரம் வளரும் பாசி போனதையே 2008 வரை எவரும் முறையாக எழுதவில்லை! சிறு சிவப்புப் பாசிகளின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

1990-களின் தொடக்கத்தில் கழிவுநீரை ஆழ்கடலுக்குக் கொண்டுபோகும் குழாய்கள் வந்தன. நீர் தெளிந்தது. பாசி மட்டும் தானாகத் திரும்பவில்லை. காரணம், வித்து தரும் தாய்ச்செடிகள் வெகுதூரத்தில் இருந்தன. எனவே 2011 முதல், நன்றாக வளர்ந்த இடங்களிலிருந்து ஆண், பெண் இரு வகைச் செடிகளையும் எடுத்து, பாறையில் போல்ட் போட்டுப் பொருத்திய வலைத் தட்டுகளில் கட்டுகிறார்கள். அவை கருவுற்று உதிர்ப்பதிலிருந்து பக்கத்துப் பாறையில் குஞ்சுகள் முளைக்கின்றன. குஞ்சு நிலைத்ததும் வலையைக் கழற்றிவிடலாம். நட்ட செடியைவிட, அது பெற்ற செடி பெற்றெடுப்பதுதான் வெற்றியின் அளவு.

வான்வூர்ஸ்டியாவுக்கு இது எதுவும் பொருந்தாது. நடுவதற்கு உயிருள்ள ஒரு கிளைகூட இல்லை.

மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசி எடுப்பது எங்கள் பிழைப்பு. நாங்கள் எடுப்பதால் அழிந்துவிடுமா?
– வாசகி, பாம்பன்

எடுக்கும் முறையைப் பொறுத்தது. மரிக்கொழுந்துப் பாசி, பாறையோடு படர்ந்த அடித்தண்டிலிருந்து மறுபடி தழைக்கும். மேல்பகுதியைக் கையால் கிள்ளினால் அடி மிஞ்சும். உலோகத் தகட்டால் சுரண்டினால் அடியும் போகும், அது பிடித்திருந்த பவளக் கல்லும் பெயரும்; அந்த இடத்தில் வேறு பாசி ஏறிக்கொள்ளும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதம் 12 நாள் மட்டும் எடுப்பது என்று உங்கள் பகுதிப் பெண்களே கட்டுப்பாடு வைத்திருப்பது அறிவியலுக்கு முழுக்கப் பொருந்துகிறது. இடைப்பட்ட நாட்கள் பாசி தழைக்கும் நாட்கள். ஒரே பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) அடுத்தடுத்த மாதம் இறங்காமல் மாற்றி மாற்றி எடுத்தால் இன்னும் நல்லது. எந்தப் பாரில், எந்த மாதம், எத்தனை கிலோ என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மேலே சொன்ன ‘பழைய கணக்கு’ அதுதான்.

பாசியைப் பதப்படுத்தி அனுப்ப விரும்புகிறோம். எப்படிச் செய்வது?
– பள்ளி இயற்கை மன்றம், நாகர்கோவில்

முதலில் அனுமதி. 1986-ல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் சுற்றுநீரிலும் வனத்துறை அனுமதியின்றி ஒரு துணுக்கும் எடுக்கக் கூடாது. வெளியே கரையில் ஒதுங்கியதை எடுத்துப் பழகுங்கள்.

பாசியைக் கடல்நீரிலேயே அலசுங்கள். குழாய் நீரில் மெல்லிய சிவப்புப் பாசிகளின் செல்கள் வெடித்து, சாயம் கசிந்து, பத்து நிமிடத்தில் கெட்டுவிடும். அகலத் தட்டில் இரண்டு விரற்கடை கடல்நீர் ஊற்றி, பாசியை மிதக்கவிடுங்கள். தடித்த, அமிலமில்லாத தாளை (29 × 42 செ.மீ. வழக்கமான அளவு) அடியில் நுழைத்து, தூரிகையால் கிளைகளைப் பிரித்து, ஒரு ஓரத்தைச் சாய்த்து மெதுவாகத் தூக்குங்கள். நீர் வடிந்ததும் மேலே பழைய மஸ்லின் அல்லது நைலான் துணி. துணி இல்லாமல் நேராக ஒற்றுத்தாள் வைத்தால் பாசி அதோடு ஒட்டிப் பிய்ந்துவரும். தொடக்கத்தில் பலரும் கெடுப்பது இங்கேதான். துணிக்கு மேல் ஒற்றுத்தாள், அதன்மேல் பலகை, பலகைமேல் கனம். ஒற்றுத்தாளைத் தினமும் மாற்ற வேண்டும். ஒரு நாள் விட்டாலும் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் காயவைத்தால் நிறம் வெளுக்கும்.

தாளில் ஒட்டுவதற்கு முன்பே விரல்நக அளவு நுனித் துண்டு ஒன்றைக் கிள்ளி, சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) போட்ட சிறு பையில் உலர வையுங்கள். மரபணு ஆய்வுக்கு அது வேண்டும். ஃபார்மலினில் போட்டால் வடிவம் நிற்கும், மரபணு சிதையும்.

குறிப்புச் சீட்டில் இவை கட்டாயம்: நாள், இடம் (ஜி.பி.எஸ். எண்ணோடு), ஆழம் அல்லது அலையேற்றத்தில் எந்த மட்டம், எதன்மேல் வளர்ந்தது, பாறையில் பிடித்திருந்ததா அல்லது கரையொதுங்கியதா, உயிரோடிருந்தபோது என்ன நிறம். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரையும். கரையொதுங்கியதை ‘இங்கே வளர்ந்தது’ என்று எழுதிவிடாதீர்கள். நீரோட்டம் எங்கிருந்தும் கொண்டுவந்திருக்கலாம். அப்படி எழுதிய ஒரு சீட்டால் அந்த இனத்தின் பரப்பே வரைபடத்தில் பொய்யாக விரியும்.

காய்ந்த தாள்களை மண்டபத்தில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் கிளைக்கு அனுப்பலாம். முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி செய்து, ஒன்றை உங்கள் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.