சொல்லும் பொருளும்: 'ஜுவல்' என்பது நகையா, மணியா?

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், தேர்வில் 'ஜுவல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'நகை' என்று பொருள் எழுதினாள். ஆசிரியர் அதை அடித்துவிட்டு 'ரத்தினக் கல்' என்று திருத்தியிருக்கிறார். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நாங்கள் நகை என்கிறோம். தெலுங்குக்காரர்கள் நகலு என்கிறார்கள். கடைப் பலகையிலோ ஜுவல்லர்ஸ் என்று இருக்கிறது. மகள் எழுதியது தவறா?
– ஒரு வாசகி, நகரி

பதில்: தவறு அன்று, அம்மா. ஆசிரியர் எழுதியதும் தவறு அன்று; ஆனால் உங்கள் மகளுக்கு அவர் முழு மதிப்பெண் தந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டதும் முதலில் மனத்தில் தோன்றுவது பட்டை தீட்டிய விலையுயர்ந்த கல்; கல் பதித்த அணிகலன் என்பது அடுத்த பொருள். கல்லே இல்லாத பொற்சங்கிலியை இங்கிலாந்தில் 'ஒரு ஜுவல்' என்று சொல்வது அரிது. அதை 'ஜுவல்லரி' என்ற தொகுதிப் பெயருக்குள்தான் அடக்குவார்கள். நாமோ வளையல், சங்கிலி, ஒட்டியாணம் எல்லாவற்றையும் 'ஜுவல்ஸ்' என்றே வழங்குகிறோம். நம் பக்கத்து வங்கிகளில் நகைக்கடனுக்கு 'ஜுவல் லோன்' என்று பெயர். ஆனால் அங்கே மதிப்பீட்டாளர் முதலில் செய்யும் வேலை, அட்டிகையிலும் தோட்டிலும் உள்ள கல்லின் எடையைக் கழிப்பதுதான். பொன்னின் நிகர எடைக்கு மட்டுமே கடன் உண்டு. ஆங்கிலேயர் எதை முதன்மையாக ஜுவல் என்கிறாரோ, அதற்கு ஜுவல் லோனில் ஒரு காசும் கிடைப்பதில்லை.

அவர்கள் மணியைப் பார்க்கும் இடத்தில் நாம் பொன்னைப் பார்க்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. சிறு வயதில் தீப்பெட்டிக்குள் இலையைப் போட்டு வளர்த்தோமே, அந்தப் பச்சை மின்னும் பொன்வண்டின் இனத்துக்கு ஆங்கிலத்தில் 'ஜுவல் பீட்டில்' என்று பெயர். நல்ல குணமுள்ள ஒரு பெண்ணை அவர்கள் 'ஜுவல்' என்று புகழ்வார்கள். நாம் 'தங்கமான பெண்' என்போம், உங்கள் தெலுங்கு அண்டை வீட்டார் குழந்தையைக் கொஞ்சும்போது 'பங்காரம்' என்பார்கள். 'மாணிக்கம் போன்ற பிள்ளை' என்பதும் தமிழில் உண்டுதான். ஆயினும் நாவில் முதலில் வருவது தங்கமே.

ஆங்கிலச் சொல் ஒன்றே சுமக்கும் இரண்டு பொருளுக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள்ளன என்பதைச் சிலப்பதிகாரத்தைக் கொண்டு மகளுக்கு விளக்கலாம். சிலம்பு என்பது நகை. அதை உடைத்தபோது தெறித்து, கோவலன் கள்வன் அல்லன் என்று காட்டிய மாணிக்கப் பரல் மணி. பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். வெளித் தோற்றத்தால் ஒன்றுபோல் இருந்த இரு நகைகளை வேறுபடுத்தியது உள்ளிருந்த கல்தான். ஆகவே, வாக்கியத்தில் சொல்லப்படுவது உடலில் அணியும் பொருள் என்றால் 'நகை' என்றும், பதிக்கும் கல் என்றால் 'மணி' என்றும் எழுதச் சொல்லுங்கள். வாக்கியமே தராமல் தனிச் சொல்லுக்குப் பொருள் கேட்டால் இரண்டும் சரியே.

கேள்வி: தந்தையார் விட்டுச்சென்ற எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்தில் '17 ஜுவல்ஸ்' என்று அச்சிட்டிருக்கிறது. அந்தப் பதினேழு கற்களும் விலைமதிப்புள்ளவையா?
– ஒரு வாசகர், திருத்தணி

பதில்: அவை உண்மையான மாணிக்கத்தின் அதே பொருளால் ஆனவை; ஆனால் ஆலையில் செய்தவை, விற்றால் சொல்லும்படியாக எதுவும் கிடைக்காது. இங்கே 'ஜுவல்' என்பது அழகுக்கான கல் அன்று, உராய்வைத் தாங்கும் கல். சக்கரங்களின் எஃகு அச்சு முனைகள் பித்தளைத் துளையில் ஓயாமல் சுழன்றால் துளை தேய்ந்து அகன்றுவிடும். வழவழப்பான, மிகக் கடினமான கல்லில் துளையிட்டு அதில் அச்சைச் சுழலவிட்டால் தேய்மானம் மிகக் குறைவு. இந்த முறைக்கு 1704-இல் லண்டனில் காப்புரிமை பெற்றார்கள். அன்று இயற்கைக் கற்களையே துளையிட வேண்டியிருந்தது. 1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னூய், தூளைத் தீச்சுவாலையில் உருக்கிச் செயற்கை மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்ட பிறகே கல் மலிவாயிற்று. சாவி கொடுக்கும் கடிகாரத்தில் தேயக்கூடிய முக்கிய இடங்கள் அனைத்துக்கும் பதினேழு கல் போதும். தந்தையின் கடிகாரத்தைக் கற்களுக்காகப் பிரிக்க வேண்டாம்; தேர்ந்த ஒருவரிடம் எண்ணெய் போட்டு வாங்கினால் அது ஓடும்.

கேள்வி: ஆங்கிலேயர் இந்தியாவை 'மகுடத்தின் ஜுவல்' என்றார்களாம். அது நமக்குப் பெருமைதானே?
– ஒரு வாசகர், சித்தூர்

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. மகுடத்து மணி மகுடம் அணிந்தவரின் உடைமை. அந்தத் தொடர் நம்மை உடைமையாகத்தான் எண்ணுகிறது. நீங்கள் வாழும் ஆந்திர மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. கோஹினூர் வைரம் கிருஷ்ணை ஆற்றங்கரையில் உள்ள கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்தது என்றே பெரிதும் கருதப்படுகிறது. பல அரசுகளின் கைமாறிய அதை, 1849-இல் பஞ்சாபை இணைத்துக்கொண்டபோது சிறுவனாக இருந்த மன்னர் துலீப் சிங்கிடமிருந்து ஆங்கிலேயர் ஒப்பந்தத்தின் பெயரால் பெற்றார்கள். 1852-இல் தங்கள் விருப்பத்துக்கேற்ப மீண்டும் பட்டை தீட்டி, ஏறத்தாழ 186 காரட் இருந்த கல்லை 105.6 காரட்டாகக் குறைத்தார்கள். இப்போதும் அது லண்டன் கோட்டையில் ஓர் அரசியின் மகுடத்தில் இருக்கிறது. அந்தத் தொடரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கல்தான் நினைவுக்கு வருகிறது.

கேள்வி: எங்கள் பக்கத்துக் கடைகளில் மலையாளத்தில் 'ஜ்வல்லரி' என்று எழுதுகிறார்கள். ஜொலிப்பதைக் குறிக்கும் 'ஜ்வல' என்ற வடசொல்லிலிருந்துதான் ஆங்கிலச் சொல் பிறந்தது என்கிறார் நண்பர். உண்மையா?
– ஒரு வாசகர், சிற்றூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: இல்லை. மலையாள எழுத்தில் அப்படி எழுதும்போது வடசொல்போலத் தோன்றுவதால் வரும் மயக்கம் இது. ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு மொழியின் 'ஜோயல்' என்பதிலிருந்து வந்தது. அதற்கும் முந்தைய வேரை விளையாட்டு, நகைச்சுவை என்னும் பொருளுடைய 'யோகுஸ்' என்ற இலத்தீன் சொல்லாகவே பெரும்பாலோர் கொள்கிறார்கள். மகிழ்ச்சியைக் குறிக்கும் வேறோர் இலத்தீன் சொல்லைக் காட்டுவோரும் உண்டு. முன்னது சரியென்றால் 'ஜோக்' என்பதும் 'ஜுவல்' என்பதும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

உங்கள் நண்பரின் விளக்கத்தைவிட இது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஏனெனில் தமிழில் 'நகை' என்பது சிரிப்பு, அணிகலன் இரண்டுக்கும் பெயர். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளில் முதலில் வைப்பது நகையைத்தான். 'நகு' என்பதற்குச் சிரித்தல் என்ற பொருளோடு ஒளிவிடுதல் என்ற பொருளும் இருப்பதால், ஒளியின் வழியாகவே அணிகலனுக்கு அப்பெயர் வந்திருக்கும் என்று நான் கருதுகிறேன். இலத்தீனுக்கும் தமிழுக்கும் இதில் உறவு எதுவும் இல்லை. ஆனால் நகரி வாசகியின் ஊரில் அந்த இணை இன்றும் அப்படியே வழங்குகிறது: தெலுங்கில் நகலு என்றால் நகைகள், நகவு என்றால் சிரிப்பு.