பொரிச்ச பரோட்டா ஊர்க்காரனுக்குக் கோதுமை ஆகாது என்றால்?

கேள்வி: சீலியாக் நோய் வந்து கோதுமை, மைதாவை விட்டவர்கள், ஆசை வரும்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள்? நடுவில் தவறிவிட்டால் என்ன செய்வீர்கள்?

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். பரோட்டாவைக் கல்லில் போட்டு எடுத்தால் போதாது, எண்ணெயில் மிதக்கவிட்டுப் பொரிக்கவும் வேண்டும் என்கிற ஊர். அங்கே வளர்ந்தவனிடம் 31 வயதில் "ஆயுசுக்கும் கோதுமை ஆகாது" என்றார் டாக்டர். அதற்கு முன் நாலு வருடம் ரத்தசோகை, வயிற்றுப்போக்கு என்று அலைச்சல். கடைசியில் டிடிஜி (tTG) என்கிற எதிர்ப்புப் பொருளின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை, பிறகு எண்டோஸ்கோப்பியில் சிறுகுடல் சதையைக் கிள்ளியெடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். இதற்கு மாத்திரை கிடையாது. குடலைப் புண்ணாக்குவது குளூட்டன் என்கிற புரதம். அது இருக்கிற கோதுமை, பார்லி, ரை என்கிற தானியம் மூன்றையும் விடுவதுதான் வைத்தியம். ரையை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதை மட்டும் சுலபமாக விட்டுவிட்டேன்.

ஆசை எப்போது வருகிறது என்று கவனித்ததுதான் எனக்கு முதலில் உதவியது. மத்தியானம் வராது. வேலை முடிந்து வரும்போது சாயங்காலம் ஏழரை மணிக்கு, பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் கல்லில் வெங்காயம் விழும் சத்தம் கேட்டால் வரும். அதுவும் வெறும் வயிற்றோடு இருந்தால் மட்டும்! இப்போது பையில் எப்போதும் வேர்க்கடலையும் இரண்டு வாழைப்பழமும் இருக்கும். ஆறு மணிக்கே அதைச் சாப்பிட்டுவிடுவேன். பாதி ஆசை அங்கேயே அடங்கிவிடும்.

மீதிப் பாதிக்காக வீட்டில் அரிசி மாவு, மரவள்ளி மாவு கலந்து பரோட்டா போட்டுப் பார்த்தேன். உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி, மாஸ்டர் மாதிரி வீசினேன். பாதி என் கையில், பாதி அடுப்பு மேடையில். பிறகுதான் புரிந்தது: மைதாவைத் துணி மாதிரி இழுத்து வீச முடிவதே அந்தக் குளூட்டனால்தான். அது இல்லாத மாவில் அடுக்கு வராது. போலிப் பரோட்டா தின்றால் அசல் ஞாபகம்தான் கூடுகிறது, விட்டுவிடுங்கள்.

எனக்கு நாக்கு தேடியது சால்னாவையும், கொத்தும்போது கருகின வெங்காயத்தையும்தான். அம்மா வைக்கிற சால்னாவில் இடியாப்பத்தை உதிர்த்துப் போட்டு, முட்டை உடைத்து ஊற்றி, எவர்சில்வர் டம்ளரால் கல்லிலேயே கொத்துகிறேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். கல் எனக்கென்று தனி. சப்பாத்திக் கல்லில் என்னுடையதைப் போட மாட்டோம்.

இனி சறுக்கல். அக்கா மகள் காதுகுத்தன்று ராத்திரி, பெரியப்பா "கொஞ்சம் தின்னா ஒண்ணும் ஆகாதுப்பா" என்றார். மூன்று பரோட்டா உள்ளே போனது. அன்றிரவு ஒன்றுமே ஆகவில்லை. அதுதான் இதில் பெரிய ஏமாற்று. 'எல்லாம் சரியாகிவிட்டது போல' என்று தோன்றிவிடும். இரண்டாம் நாள் வயிறு உப்பி, வாயெல்லாம் புண். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. "எப்படியும் கெட்டாச்சு, திங்கட்கிழமையிலிருந்து ஒழுங்கா இருக்கலாம்" என்று ஐந்து நாள் சமோசா, கேக், பன் என்று வெளுத்துக் கட்டினேன். மூன்று பரோட்டாவைவிட அந்த ஐந்து நாள்தான் என்னைப் படுக்கவைத்தது. சிலருக்கு வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது, குடல் மட்டும் உள்ளே புண்ணாகிக்கொண்டிருக்கும். இப்போது தவறினால் திங்கட்கிழமைக்குக் காத்திருப்பதில்லை. அடுத்த வேளையே கஞ்சி. சில நாள் பாலையும் நிறுத்திவிடுவேன், புண்ணான குடலுக்குப் பால் சேராது. வயிற்றுப்போக்கு நிற்காவிட்டால் டாக்டரிடம் போய்விடுங்கள், கஞ்சியை நம்பி உட்கார வேண்டாம்.

தெரியாமல் நடக்கிற சறுக்கல் வேறு மாதிரி. எட்டு மாதம் ஒழுங்காக இருந்தும் டிடிஜி அளவு சரியாக இறங்கவில்லை. வீட்டில் எல்லோரும் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஊட்டச்சத்து நிபுணர் ஒருவர் அஞ்சறைப் பெட்டிவரை பட்டியல் போடச் சொன்னார். அம்மா கண்ணாடி மாட்டிக்கொண்டு பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தாள்: கோதுமை மாவு. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலும் மாவு சேர்த்ததுதான், கட்டியாக இருந்தாலும் சரி. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் என்று தினமும் உள்ளே போயிருக்கிறது! "நானே உனக்கு வச்சுக் குடுத்திருக்கேனேடா" என்று அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை. இப்போது அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் வாங்குகிறோம், அதையும் டப்பாவைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான்.

அடுத்தது மாவு மில். எனக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்திருப்பார்கள், அதே கல்லில் என் அரிசி. குளூட்டன் இல்லாதது என்று அச்சடித்து விற்க, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. மில் மாவில் அது எங்கே நிற்கும்? அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்கிறோம். வேலைதான், என்ன செய்ய. பாலில் கலக்கும் மால்ட் பவுடரில் பார்லி, பல சோயா சாஸில் கோதுமை. இதையெல்லாம் நீங்களே டப்பாவில் பார்த்துவிடலாம்.

நண்பர்களோடு கடைக்குப் போவதை மட்டும் நான் நிறுத்தவில்லை. போன தீபாவளிக்கு ஊர்ப் பரோட்டாக் கடையில் என் டிபன் பாக்ஸைத் திறந்ததும் மாஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு ஆம்லேட்டாவது போடட்டுமா தம்பி?" என்றார். "அதே கல்லுதானேண்ணே" என்றேன். கல்லை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், கழுவின தட்டில் ஓட்டோடு இரண்டு அவிச்ச முட்டை கொண்டுவந்து வைத்தார்.