முதலாண்டு மாணவர்களுக்கான ஓரியன்டேஷனைப் பொறுப்பெடுத்து நடத்துவது எப்படி?

இந்த வருட ஓரியன்டேஷன் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது, மூன்று நாளில் எதையெல்லாம் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழு வருடமாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். யாரும் விடுபட்டுவிடக் கூடாது என்பதிலிருந்து திட்டமிடத் தொடங்குங்கள். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

நான் முதன்முதலில் நடத்தியபோது பெயர்ப்பட்டியலை வெள்ளிக்கிழமையே அச்செடுத்துவிட்டோம். சனிக்கிழமை கடைசிச் சுற்றில் சேர்ந்தவர்கள் அதில் இல்லை. திங்கள் காலை ஒரு பெண் பதிவு மேஜைக்கு வந்தாள், சான்றிதழ் கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி. எங்கள் தன்னார்வலர் பட்டியலை மூன்று முறை புரட்டிவிட்டு, "உங்க பேரு இதுல இல்லையே" என்றான். அவள் ஒன்றும் சொல்லாமல் வரிசையிலிருந்து விலகிப்போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள். அரை மணி நேரம் கழித்துத்தான் என் கண்ணில் பட்டாள். அந்த அரை மணி நேரம் என் தவறு. அன்றிலிருந்து பதிவு மேஜையில் எழுதாத அட்டைகளும் தடித்த பேனாவும் இருக்கும். வந்தவரின் பெயரைக் கேட்டு எழுதிக் கழுத்தில் மாட்டி உள்ளே அனுப்புவோம். பட்டியலை மாலையில் திருத்திக்கொள்ளலாம்.

படிப்பைப் பாதியில் விடுவதற்கு மதிப்பெண் மட்டும் காரணமில்லை, அந்த இடத்தோடும் அங்குள்ள மனிதர்களோடும் ஒட்டாமல் போவதும் காரணம் என்று அமெரிக்க ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975-லேயே எழுதினார். 2011-ல் கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமானது. 'இது நமக்கான இடமில்லையோ' என்ற பயம் தங்களுக்கும் ஆரம்பத்தில் இருந்தது, போகப்போகச் சரியாயிற்று என்று சீனியர்கள் சொன்னதை முதலாண்டு மாணவர்களைப் படிக்கவைத்தார்கள். மொத்தமே ஒரு மணி நேரம்தான். அதில் பங்கேற்ற கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்தது.

எனவே வரவேற்புரைகளில் ஒன்றைக் குறைத்து, அந்த நேரத்தை மூன்று சீனியர்களுக்குக் கொடுங்கள். தங்கப்பதக்கம் வாங்கியவர்களாகப் பார்த்து நிறுத்தாதீர்கள். முதல் தேர்வில் தோற்றவர், ஹாஸ்டலில் முதல் மாதம் யாரோடும் பேசாமல் இருந்தவர், இவர்கள் பேசட்டும். எங்கள் அரங்கில் ஒரு மாணவர் "முதல் ரெண்டு வாரம் நான் தனியாத்தான் சாப்பிட்டேன்" என்று சொன்னபோது சலசலப்பு சட்டென்று அடங்கியது. அன்று மாலை அவரைத் தேடிப் பலர் வந்தார்கள்.

உங்கள் உழைப்பில் பாதி தன்னார்வலர்களுக்குப் போகட்டும். பத்துப் பன்னிரண்டு பேருக்கு இரண்டு சீனியர் என்று பிரியுங்கள், ஒரு முழு நாள் பயிற்சி கொடுங்கள். விளையாட்டு நடத்துவதெல்லாம் தானாக வந்துவிடும். யாராவது மனம் உடைந்து ஏதாவது சொன்னால் என்ன செய்வது என்பதைத்தான் பழக்க வேண்டும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, ஆலோசகரின் அறை வரை கூடவே நடந்து போக வேண்டும். அறிமுகம் என்ற பெயரில் பாடச் சொல்வது, ஆடச் சொல்வது எதுவும் கூடாது என்பதையும் அன்றே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ராகிங் பெரும்பாலும் இப்படிச் சிரிப்பாகத்தான் ஆரம்பிக்கும்.

வளாகத்தைச் சுற்றிக்காட்டும்போது அவரவர் டைம்டேபிளைக் கையில் கொடுத்து, முதல் நாள் வகுப்புகள் எந்த வரிசையில் வருகின்றனவோ அதே வரிசையில் நடத்திக் கூட்டிப்போங்கள். கட்டடங்களின் வரலாறு பிறகு தெரிந்துகொள்ளலாம். தேர்வு விதி, நூலக விதி, கட்டணத் தேதி எல்லாம் ஒரே தாளில் அச்சாகட்டும், மேடையில் வாசிக்க வேண்டாம். இணையக் கணக்கை மட்டும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே திறந்து பார்க்கவையுங்கள். பெற்றோருக்குத் தனி அறையில் ஒரு மணி நேரம் போதும்.

மூன்றாம் நாளோடு முடித்துவிடாதீர்கள். வீட்டு நினைப்பு பலரையும் பிடிப்பது ஆரவாரம் அடங்கியபின்தான், அதனால் மூன்றாவது வாரத்தில் அதே குழுக்களை மறுபடி கூட்டுங்கள். 'நிகழ்ச்சி எப்படி இருந்தது' என்று கேட்டால் நன்றாக இருந்தது என்றுதான் எழுதுவார்கள். அதற்குப் பதில், 'தயங்காமல் கூப்பிடக்கூடிய ஒருவர் பெயரை இங்கிருந்து எழுது' என்று கேளுங்கள். தாளில் அவர்கள் பெயரும் இருக்கட்டும். இடத்தை வெறுமையாக விட்டவர்கள் யார் என்று அன்று மாலையே குழுச் சீனியரிடம் சொல்லிவிடுங்கள், முதல் தேர்வு முடியும்வரை அவர்கள் மேல் ஒரு கண் இருக்கட்டும்.