லீவிலேயே மெடிக்கல் சர்ஜிக்கல் நர்சிங்குக்குத் தயாராவது எப்படி?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஊர். கோவையில் பி.எஸ்சி. நர்சிங் முதல் வருடம் முடித்துவிட்டு லீவுக்கு வந்திருக்கிறேன். அடுத்து மெடிக்கல் சர்ஜிக்கல் நர்சிங், அதாவது பெரியவர்களின் நோய்களுக்கும் ஆபரேஷனுக்குமான பாடம். சீனியர்கள் ரொம்பப் பயமுறுத்துகிறார்கள். இப்போதே புத்தகம் வாங்கிப் படிக்க ஆரம்பிக்கலாமா?

பதில்:

புதுப் புத்தகம் இப்போது வேண்டாம். உடல் எப்படி இயங்குகிறது என்று சொல்லும் முதல் வருட பிசியாலஜி நோட்டைத் தேடி எடுங்கள். லீவு முழுக்க அதைப் படித்தாலே போதும்.

நான் ஊட்டியில் மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். வார்டு பயிற்சிக்கு (போஸ்டிங்) வரும் மாணவிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இந்தப் பாடத்தில் திணறுகிறவர்கள் படிக்காதவர்கள் இல்லை. நோய்க்கு ஒரு பக்கம், அறிகுறி பத்து, சிகிச்சை பத்து என்று மனப்பாடம் செய்கிறவர்கள்தான் திணறுகிறார்கள். நோய்கள் நூற்றுக்கணக்கில் வரும்போது எல்லாம் கலந்துபோய்விடும். (உங்கள் கல்லூரியில் 2021-ல் வந்த புதிய பாடத்திட்டம் என்றால் இதே பாடம் அடல்ட் ஹெல்த் நர்சிங் என்ற பெயரில் மூன்றாம், நான்காம் செமஸ்டரில் இருக்கும்.)

ஹார்ட் ஃபெயிலியரை எடுத்துக்கொள்வோம். இதயத்தின் இடது பக்கம் ரத்தத்தைச் சரியாகத் தள்ளவில்லை. அப்போது ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்குகிறது, நீர் கசிகிறது. அதனால்தான் மூச்சு வாங்குகிறது, படுத்தால் இன்னும் அதிகமாகிறது. நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைத் தொங்கப் போட்டால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கொஞ்சம் குறையும். டாக்டர் லேசிக்ஸ் எழுதுவார். அது நீரை வெளியேற்றும், கூடவே பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். ரத்தத்தில் பொட்டாசியம் 3.5 mEq/L-க்குக் கீழே போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், டிகாக்சின் என்ற இதய மருந்து சாப்பிடுகிறவருக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். நீர் எவ்வளவு வெளியேறியது என்று பார்க்கத்தான் தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை எடுக்கிறோம். ஒரு கிலோ என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். பாருங்கள், இதில் மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது? இதயம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், கேர் பிளானில் (நோயாளியைக் கவனிக்கும் திட்டம்) எழுத வேண்டியதெல்லாம் தானாகவே வரும். வைவாவில் (வாய்மொழித் தேர்வு) மேடம் "ஏன்?" என்று கேட்டாலும் பதில் இருக்கும்.

இதயம், நுரையீரல், சிறுநீரகம், கணையம் இந்த நாலையும் இப்படித் திருப்பிப் பாருங்கள். அதற்கு முன்னால் உடலின் நீரும் உப்பும். சோடியம் 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5 என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வர வேண்டும். ஆபரேஷன் முடிந்து வருகிறவர், வயிற்றுப்போக்கில் வருகிறவர், தீக்காயம் பட்டவர் என்று யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி அதுதான்.

கணக்கும் பழகுங்கள். 500 மில்லி சலைன் நாலு மணி நேரத்தில் போக வேண்டும், டிரிப் செட் ஒரு மில்லிக்கு 20 சொட்டு விடும். 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. தினமும் இரண்டு மூன்று கணக்கு போட்டால் வார்டில் கை நடுங்காது. இன்சுலின் சிரிஞ்சையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். சிவப்பு மூடி ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு, ஆரஞ்சு மூடி ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ளதற்கு. மாற்றிப் போட்டால் நோயாளிக்குப் போகும் டோஸே மாறிவிடும்.

அப்புறம், நீங்கள் மலையில் வளர்ந்தவர், அது உங்களுக்குப் பெரிய பலம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், ஆனால் அழுத்தம் குறைவு. அதனால் நல்ல ஆரோக்கியமானவருக்கே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு கோவையில் இருப்பதைவிட ஒன்றிரண்டு புள்ளி குறைந்து காட்டலாம். குளிரில் விரல் விறைத்திருந்தால் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் தப்பாகக் காட்டும். முதலில் கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி பாருங்கள். மருந்து ஏற்றும் சின்னக் குழாயான கேனுலா போடும்போதும் அப்படித்தான், குளிரில் ரத்தக் குழாய் சுருங்கிக் கிடக்கும். பல வருடம் விறகடுப்புப் புகையில் சமைத்த பாட்டிமார் சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு மூச்சுத் திணறி வருவார்கள். அவர்களில் பலருக்கு ஆக்சிஜன் அளவின் இலக்கு 88 முதல் 92 சதவீதம்தான், 98-க்குக் கொண்டுபோக நினைத்து ஆக்சிஜனை இஷ்டத்துக்குத் திறந்துவிடக் கூடாது.

ரத்தச் சிவப்பணுவைப் பாதிக்கும் சிக்கிள் செல் நோயைக் கட்டாயம் படியுங்கள். புத்தகத்தில் அரைப் பக்கம்தான் இருக்கும், பலர் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் இந்தியாவில் இது 1952-ல் முதன்முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். இன்றும் கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், குறும்பர் குடும்பங்களில் இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து சின்ன ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். குளிரும் நீர்ச்சத்துக் குறைவும் அதைத் தூண்டிவிடும். எலும்பு வலி தாங்க முடியாத அளவுக்கு இருக்கும். வெளியே வீக்கமோ காயமோ தெரியாததால் "நடிக்கிறான்" என்று சொல்லிவிடுகிறார்கள், எனக்கு மனசு ஆறாத விஷயம் அது. வலிக்கிறது என்று அவர் சொன்னால் வலிக்கிறது. போர்வை கொடுங்கள், தண்ணீர் கொடுங்கள், வலி மருந்தைத் தள்ளிப் போடாமல் நேரத்துக்குக் கொடுங்கள்.

கல்லூரி திறந்த முதல் வாரமே கிளினிக்கல் ரொட்டேஷன் பட்டியலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். எந்த வார்டுக்கு முதலில் போகிறீர்களோ அந்த உறுப்பு மண்டலத்தை (சிஸ்டம்) முந்தின வாரம் படித்துவிட்டுப் போனால், காலையில் பார்த்த நோயாளியின் முகத்தோடு பாடம் மனதில் நிற்கும். அந்தத் தடிமனான புத்தகத்தை அப்போது வாங்கினால் போதும், சீனியர் யாரிடமாவது பழையது கிடைத்தாலும் சரி.